நட்ட வயல்

குண்டு விழுகிறது. முதலில் ஒரு சீட்டி. அப்புறம் பூமி குலுங்குகிறது. வாயெல்லாம் சேறு. ஓடுகிறோம். எனக்கு முன்னால் மாணிக்கம். இரண்டு பேரும் திருவாரூர்ப் பக்கம், ஒரே தெரு. உடம்பில் இருப்பது பிரெஞ்சுக்காரன் சட்டை. ஓடுவது வியட்நாமில்.

சண்டை எதற்கென்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பிற்பாடுதான் புரிந்தது. உலகப் போர் முடிந்ததும் அந்த ஜனங்கள் இனி நாங்கள் தனி நாடு என்றார்கள். பழைய எஜமான் பிரெஞ்சுக்காரன் கப்பலில் திரும்பி வந்தான். விட மாட்டேன் என்றான். அவ்வளவுதான். அதில் எங்களுக்கு என்ன வேலை? மிராசுதாரின் சவுக்குக்குத் தப்பி ஓடியவர்கள் நாங்கள். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பிறந்தது இங்கேதான் என்று புளுகிச் சேர்ந்தோம். வயிறாரச் சோறு. காலில் பூட்ஸ். ராஜா மாதிரி இருந்தோம், போங்கள்.

எங்களூர்க் கணக்கில் அது ஆடி மாதம். எதிரே வயல். புதிதாக நட்டது. நாற்று இன்னும் தலை நிமிரவில்லை. வரப்பில் கண்ணிவெடி இருக்கும், சேற்றில் இறங்கித்தான் போகவேண்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். நான் இறங்கிவிட்டேன். மாணிக்கம் நிற்கிறான். பின்னால் குண்டு விழுகிறது. நிற்கிறான்.

"எறங்குடா! வரப்புல போவாதடா!"

"நட்ட பயிருடா! எப்படிடா மிதிக்கிறது?"

எங்கள் பக்கம் யாரும் நட்ட வயலில் இறங்கி நடக்க மாட்டார்கள். அடிக்குப் பயந்து மட்டுமல்ல. யாரோ ஒருத்தி முதுகொடிய நட்டிருப்பாள். அவன் அம்மாவும் நடவு நடுகிறவள்தான்.

வரப்பில் ஏறி ஓடினான். கொஞ்ச தூரம்தான். இந்த முறை சீட்டி இல்லை. டம் என்று ஒரே சத்தம், அவன் காலடியிலிருந்து. நான் கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ஊர் திரும்பி அவன் அம்மாவிடம் சொன்னேன். அழுது ஓய்ந்தபின் ஒன்றுதான் கேட்டாள்.

"யாரு வயலு தம்பி அது?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

இப்போது இங்கே நம் ஆட்சி என்கிறார்கள். குடிசை போட்ட மனை நமக்கே என்று சட்டமும் வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் கூலி உயர்த்திக் கேட்டால் இன்னும் அடியாட்கள் வருகிறார்கள். அங்கே தோற்ற எஜமான் கப்பலேறிப் போனான். இங்கே இருப்பவன் எங்கே போவான்? நினைத்தால் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கம். எங்களோடு காரைக்காலில் சேர்ந்த இன்னும் நான்கு பேர். என் இடது காது. அந்த நாட்டு ஜனங்களில் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணவில்லை, எண்ணச் சொல்லவும் இல்லை. மாணிக்கம் போன அன்று சாயங்காலம் எங்கள் பட்டாளம் முழுக்க அந்த வயலில் இறங்கித்தான் திரும்பியது. நானும்தான். ஒரு நாற்று மிஞ்சவில்லை.