ஓவனில் மிஞ்சிய ஸ்பிரிங்

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால், தெருவில் வழங்கும் ‘சால்டர் அக்கா’ என்ற பெயரும் பதிவு செய்யப்படுகிறது. வயது நாற்பத்து மூன்று. தொழில் தையல் இயந்திரம் பழுது பார்த்தல். குடியிருப்பது சம்பவ இடத்துக்கு எதிர் வரிசையில், தபால் பெட்டியை ஒட்டிய வீட்டில், கணவருடனும் அவருடைய பாடாத ரேடியோக்களுடனும். என்னை யாரும் மிரட்டவில்லை, தேநீர்தான் கொடுத்தார்கள். நான் சொல்வதாவது:

மேற்படி தெருவில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டறை நடத்தி வருகிறோம். தொடக்கத்தில் பலகையில் ‘ஹேக்கர்ஸ்பேஸ்’ என்று எழுதியிருந்தோம். அதைப் பார்த்து, மனைவியின் போனைத் திறந்து தரச் சொல்லிக் கணவர்களும், கணவரின் போனைத் திறந்து தரச் சொல்லி மனைவிகளும் வந்தார்கள். ஒரு தம்பதி தனித்தனியாக வந்து எங்கள் வாசலிலேயே சந்தித்துக்கொண்டார்கள். அதன் பிறகு பலகையை ‘எல்லாருக்குமான பட்டறை’ என்று மாற்றினோம். அங்கே சால்டரிங், அதாவது ஈயம் உருக்கி வயர் ஒட்டுவது, சொல்லித் தருகிறோம், பழைய கணினிகளுக்கு உயிர் கொடுக்கிறோம், விளக்கைத் தானே அணைக்கும் கருவி, செடிக்குத் தானே தண்ணீர் விடும் கருவி முதலியவற்றைச் செய்கிறோம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் செய்து கெட்டுப்போன பொருளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நன்றாகக் கெட்டிருந்தால் கைதட்டல் கிடைக்கும். வேறு சட்டவிரோதம் எதுவும் அங்கே நடப்பதில்லை.

சனிக்கிழமை புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பு. அதற்கென்று நடுவில் ஒரு நீள மேசை போட்டிருக்கிறோம். செத்துப்போன மின்விசிறி, ஓடாத கடிகாரம் என்று யாராவது எதையாவது அதில் வைத்துவிட்டுப் போவார்கள். புதியவர்கள் யாரிடமும் கேட்காமல், எது கிடைக்கிறதோ அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்க ஆரம்பித்தால் பயம் வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பிரித்ததை மூடுவதற்கு மட்டும் வேறு வழக்கம். பொருளுக்கு உரியவர்தான் தன் கையால் மூட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் வாயால் உதவலாம், கையால் உதவக் கூடாது. நாங்களே மூடிக் கொடுத்தால் அவர் மறு வாரமும் அதே பொருளோடு வந்து நிற்பார் என்பதே காரணம்.

கட்டட உரிமையாளர் மாடியிலேயே குடியிருப்பதால் அவரை மாடிக்காரர் என்போம். அவருக்கு எங்கள் மேல் நெடுநாளாகச் சந்தேகம். என் கணவரிடம் அவர் சொன்னது: “கடைன்னா எதையாவது விக்கணும். ஆபீஸ்னா வர்றவன் அழுதுக்கிட்டே போகணும். இவங்க ரெண்டும் பண்ணலியே! எல்லாரும் சிரிச்சிக்கிட்டே வெளிய போறாங்க. என்னமோ இருக்கு.” இந்நிலையில் பல் டாக்டர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டார். கிளினிக் வந்தால் உள்ளே போகிறவர்கள் முறையாகப் பயந்துகொண்டு போவார்கள் என்று மாடிக்காரருக்குப் பட்டிருக்க வேண்டும். எங்களுக்கோ அதை விட்டால் வேறு இடம் இல்லை. நாங்கள் தேடிப் போன இடங்களில் எல்லாம் என்ன விற்பீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் விற்க மாட்டோம் என்றதும் கதவைச் சாத்தினார்கள்.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் மாடிக்காரர் சலவைச் சட்டையுடன் பட்டறைக்குள் வந்தார். ஒரு கையில் காலி செய்யச் சொல்லும் நோட்டீசும், இன்னொரு கையில் பளபளப்புக் காகிதம் சுற்றிய பெரிய பெட்டியும் இருந்தன. அன்று மாலை, தெருக்கோடி மண்டபத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பெட்டியில் இருந்தது அவளுக்குப் பரிசாக வாங்கிய ஓவன். போகிற வழியில் எங்களையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். கண்ணாடியை எடுக்க ஒரு கை தேவைப்பட்டதால் பெட்டியை நடுமேசையில் இறக்கி வைத்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, நோட்டீசை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். கையில் கொடுத்தால் போதும் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

அன்று புதியவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர் பூகோள சார், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ், கூச்ச சுபாவமுள்ள ஒரு பஸ் டிரைவர். மேசையில் வைத்ததைக் கேட்காமல் பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதுதான் சொல்லியிருந்தேன். காகிதம் சுற்றியிருந்ததைப் பார்த்து இது பரீட்சை என்று நினைத்துக்கொண்டார்கள். நர்ஸ் அந்தக் காகிதத்தை ஒரு கிழிசல் இல்லாமல், காயத்திலிருந்து பிளாஸ்திரி எடுப்பதுபோல எடுத்ததைத் தீய நோக்கம் இல்லை என்பதற்குச் சான்றாகக் குறிப்பிட விரும்புகிறேன். மாடிக்காரர் படித்து முடித்துத் திரும்பியபோது, ஓவனின் முதுகுத் தகடு ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் கிடந்தன. பூகோள சார் உள்ளே இருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்து, “அக்கா, இதுதானே சூடாகுற கம்பி?” என்று கேட்டார். கேள்வி சரி என்பதால் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு மாடிக்காரர் பேசியவற்றை மரியாதை கருதி இங்கே சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்து, கொள்ளை என்றார். என்ன போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். “ஒண்ணும் போகலை, எல்லாம் கண்ணு முன்னாடி துண்டு துண்டா கெடக்கு!” என்றார்.

சிறிது நேரத்தில் ஏட்டையா வந்தார். வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தொப்பி, வாக்கிடாக்கி, எழுதும் அட்டை, பேனா எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். பூகோள சாரின் பார்வை வாக்கிடாக்கியின் மேல் விழுந்ததைக் கண்டு நான் பாய்ந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதில் இரண்டு ஸ்குரூ மட்டும் தளர்ந்திருந்தன, அவற்றை ஏட்டையாவே தம் கையால் முடுக்கினார். நன்றாக முடுக்கினார்.

அதன் பிறகு விசாரணை தொடங்கியது. உடனே மூடிக் கொடுங்கள் என்று ஏட்டையா எங்களுக்கு உத்தரவிட்டார். உரியவர்தான் மூட வேண்டும் என்ற வழக்கத்தை நான் பணிவுடன் எடுத்துச் சொன்னேன். மாடிக்காரர், “நானா? நான் வீட்டுல பல்பு கூட மாத்தினதில்லை” என்றார். அதற்கு நர்ஸ், “ஊசி போட்டுக்கறப்ப மட்டும் கண்ணை மூடிக்கலாங்கய்யா. இதுக்குத் தொறந்துதான் வைக்கணும். உக்காருங்க” என்று நாற்காலியைத் தள்ளினார். வரவேற்புக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் அவர் உட்கார்ந்தார். சலவைச் சட்டையின் கையை மடித்தார்.

முதல் ஸ்குரூவை அவர் திருகியது தலைகீழான பக்கம். இரண்டாவதும் அப்படியே. நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் உதவினோம். ஏட்டையாவும் வழக்கத்தை மதித்துக் கையைக் கட்டிக்கொண்டார். ஆனால், “அப்படியில்லங்க, வலப்பக்கம், வலப்பக்கம்!” என்று அதிகம் கத்தியவர் அவர்தான். வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து, கம்பியைப் பொருத்தி, கதவை மாட்டி, முதுகுத் தகட்டை மூடுவதற்குள் மாடிக்காரரின் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. நான் டெஸ்டர் வைத்துச் சரி பார்த்த பிறகு பிளக்கைச் செருகினார். உள்ளே விளக்கு எரிந்தது. டைமர் ஓடி முடிந்து ‘டிங்’ என்றது. பட்டறையே கைதட்டியது. அவர் டைமரை மறுபடி திருப்பி வைத்தார். மறுபடி ‘டிங்’. “நான் பண்ணதா?” என்று கேட்டார். நீங்கள்தான் என்றோம். மூன்றாவது முறையும் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் மேசையில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்தோம்.

ஏட்டையா, “அதான் வேலை செய்யுதே, பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க சார்” என்றார். மாடிக்காரர் மறுத்துவிட்டார். “எம் பொண்ணு மாதிரி அவ. மிச்சம் வச்சத நான் குடுக்க மாட்டேன்” என்று சொல்லி, தாம் கஷ்டப்பட்டு மூடிய ஓவனைத் தாமே மறுபடியும் திறந்தார். இம்முறை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு எங்களில் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஸ்பிரிங் கதவுக்குரியது என்று ஒரு கட்சி, டைமருக்குரியது என்று மறு கட்சி. நான் டைமர் கட்சி. படம் வரைந்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அடுத்த தெருவிலிருந்து ஒருவர் தம் வீட்டு ஓவனையே தூக்கிக்கொண்டு வந்தார். அதையும் திறந்தோம். அதில் அப்படி ஒரு ஸ்பிரிங் இல்லாததை இரண்டு கட்சியும் தத்தம் வாதத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

மண்டபத்திலிருந்து மாடிக்காரரின் தங்கை போன் செய்தார். மாடிக்காரர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை ஓவனுக்குள் வைத்தபடியே பேசினார்.

“அண்ணே, எங்க இருக்கே? எல்லாரும் கேக்குறாங்க.”

“கீழ பட்டறையிலம்மா. ஒரு ஸ்பிரிங் மிஞ்சிப் போச்சு.”

“உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“டைமரா கதவான்னு தெரியலம்மா. தெரிஞ்சதும் வந்துடறேன்.”

போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு மணப்பெண்ணே பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் மாடிக்காரரின் தங்கை, அதற்கும் பின்னால் வரவேற்பு இங்கே மாறிவிட்டதாக நினைத்துக்கொண்ட விருந்தினர்கள். அவர்கள் கையில் பரிசுப் பெட்டிகள் இருந்தன. பெட்டிகளை வைக்க நடுமேசையைப் பார்த்து வந்தார்கள். நான் இரண்டு கையையும் விரித்து மேசைக்கு முன்னால் நின்று, “யாரும் எதையும் வைக்காதீங்க!” என்று கத்த வேண்டியிருந்தது. பூகோள சார் முகம் வாடியது.

மணப்பெண் ஸ்பிரிங்கை வாங்கி, விரலுக்கு நடுவில் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

“மாமா, இது பேனா ஸ்பிரிங்.”

டைமர் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. அவள் விடவில்லை. “தினம் ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்து பேனாவைத்தானே பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கேன். வேற என்ன வேலைன்னு நெனச்சீங்க?” என்றாள். ஏட்டையா தம் பேனாவை எடுத்து அமுக்கினார். அது அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. ஏட்டையா முதல் முறையாகப் போலீஸ் முகத்துடன் எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார்.

பஸ் டிரைவர் கையைத் தூக்கினார். “ஓவனை அவங்க ரெண்டு பேரும் விடவே இல்லை சார். எனக்குன்னு ஒண்ணு கெடைக்கட்டுமேன்னு… எல்லாத்தையும் திரும்பப் போட்டுட்டேன்னுதான் நெனச்சேன்” என்றார். இரண்டு கட்சிக்கும் மாறி மாறி டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நாங்கள் எல்லாரும் தையல் இயந்திரமும் கணினியும் பிரித்துப் பழகியவர்கள். அந்த ஸ்பிரிங் ஒரு பேனாவுக்குரியதாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சிரித்தவர் மாடிக்காரர். சுவரில் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய தங்கை, “அண்ணன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை” என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு, உரியவர்தான் மூட வேண்டும் என்ற வழக்கப்படி, ஏட்டையா ஸ்பிரிங்கைப் போட்டுத் தம் பேனாவைத் தாமே மூடினார். மாடிக்காரர் ஓவனை இரண்டாம் முறை மூடினார். நர்ஸ் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே சுற்றினார். மணப்பெண் அதை உடனே மறுபடி பிரித்து, ‘டிங்’ சத்தத்தை எல்லாரையும் கேட்க வைத்தாள். மாப்பிள்ளை அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று விசாரித்தார்.

எல்லாரும் மண்டபத்துக்குக் கிளம்பும்போது மாடிக்காரருக்குப் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. நாற்காலியை எப்போது இறக்கலாம் என்று டாக்டர் கேட்டார் போலும். மாடிக்காரர் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்காமலே, மேசையைத் தடவிக்கொண்டு பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

“இல்லீங்க டாக்டர், எடம் காலி இல்லை. ஆமா, ஆள் இருக்காங்க. காலி பண்ண மாட்டாங்க. யாரா? நான்தான்.”

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல ஏட்டையா தம் சொந்தப் பேனாவால் எழுதியவை. படித்துக் காட்டக் கேட்டேன். ‘குற்றப்பொருள்’ என்று இருந்த இடத்தில் ‘ஓவன்’ என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி, உண்மை.

(ஒப்பம்)
சால்டர் அக்கா