கொட்டாஞ்சேனைக்குக் கொடுத்த சோளம்

எழுபத்துநாலில் மழை ஒழுங்காகத்தான் பெய்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. புறக்கோட்டையில் என் கிட்டங்கியின் கூரைதான் ஒழுங்காக இல்லை. நாற்பது மூட்டைச் சோளம் நனைந்து, மணியெல்லாம் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

கெட்ட சரக்கை மனிதருக்கு விற்பது பாவம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் விற்கவில்லை. கொட்டிவிடவும் மனமில்லை. வெயிலில் காயவைத்து, வறுத்து, மாவாக்கினேன். வறுத்தால் எந்த வாடையும் போய்விடும். அந்த மாவைக் கொட்டாஞ்சேனையில் சிஸ்டர் பேர்ணடெற் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு, காலைக் கஞ்சிக்கென்று, இலவசமாகக் கொடுத்தேன். விடுதிச் சுவரில் ‘உபயம்: தண்டாயுதபாணி’ என்று எழுதினார்கள். நான் கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் சிஸ்டர் கடைக்கே வந்தார்.

“முதலாளி, பிள்ளையள் குடிக்குதுகளில்லை. கஞ்சி கசக்குதாம்.”

“வெள்ளிக்கிழமையில இறைச்சி கூட வேணாம் எண்டு இருக்கிற ஆக்கள், இதுக்குப் போய் முகம் சுளிக்கிறீங்களே சிஸ்டர்?”

“உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது,” என்று சிரித்தார்.

“சீனி போட்டுக் குடுங்க. அதையும் நானே அனுப்புறேன்.”

கூப்பன் கடையில் சீனி அகப்படாத காலம். அரை மூட்டை அனுப்பினேன். பிறகு பிள்ளைகள் இரண்டாம் கோப்பையும் கேட்டார்களாம்.

ஒரு மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆறு பிள்ளைகள் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். சிறிய சவப்பெட்டிகள் இரண்டும் என் செலவு.

என்ன சாப்பிட்டார்கள் என்று டொக்டர் கேட்டபோது, “முதலாளி குடுக்கிற கஞ்சியாலதான் இதுகள் உயிரோட இருக்குதுகள்,” என்றாராம் சிஸ்டர். டொக்டர் மாவைச் சோதித்துப் பார்த்தார். பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும், வறுத்தாலும் போகாது என்றார்.

அந்த நஞ்சின் பெயர் எனக்குத் தெரியாது. அது உண்மை.

ஆனால் ஹெந்தளையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் றேமண்டை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை. நனைந்த சோளத்தில் முதல் இரண்டு மூட்டையைத் தீனிக்கென்று அவரிடம்தான் கொடுத்தேன். பத்து நாளில் முந்நூறு கோழி செத்தது. ஒன்றை அறுத்து ஈரலைக் காட்டினார். தொட்டால் கரைந்தது. மீதியை அன்றே திருப்பி எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன்.

அதை மேலும் அந்த வாயில்லாத உயிர்களுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.