இறுகாத கிண்ணம்

— கிண்ணத்தைக் கவுத்துப் பாருங்க அத்தான். கொட்டுதா?

— எங்கே கொட்டுது? கல்லாட்டம் உக்காந்திருக்கு.

— போச்சு! பன்னெண்டு மூட்டைக்குப் பன்னெண்டு கிண்ணம். பதினொண்ணு இறுகிடுச்சு.

— இறுகினா நல்லதுதானே மச்சினி?

— ஐயோ, இது ஜெலட்டின். நீங்க கொண்டாந்த அன்னாசித் தோலைப் பிழிஞ்சு இதுல விட்டேன். சாறுல புரதத்தைத் தின்னுற என்சைம் உயிரோட இருந்தா இதை இறுகவே விடாது, தண்ணியாத்தான் நிக்கும். போன வியாழக்கிழமை மூட்டை ஒண்ணுதான் தண்ணியா நின்னுச்சு.

— தோலுக்கு ஏது உயிரு?

— வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதைப் பிரிச்செடுத்தா மருந்துக்கு ஆகும், இறைச்சியை மிருதுவாக்க ஆகும். உங்க ஜூஸ் ஆலையில அதைக் குழியில கொட்டறீங்க. நாலு மணிக்கு எங்க ஆராய்ச்சி மைய இயக்குநர் வர்றாங்க. ஒரு கிண்ணத்தைக் காட்டினா நம்புவாங்களா? இந்த லேப் ரூமைப் பூட்டிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அக்கா கூட உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்.

— உங்கக்கா கூடவா? எதிரிக்கும் அந்த நிலைமை வர வேணாம்.

— விளையாடாதீங்க. வியாழக்கிழமை வேற தோட்டத்துப் பழமா?

— அதே பழம், அதே சாக்கு, அதே டிராக்டர். ஓட்டினவனும் அதே அழகன்.

— சரிங்க அழகரே, நீங்க பண்றதை முதல்லேருந்து ஒண்ணுவிடாம சொல்லுங்க.

— என்ன பெரிய வித்தை? ஆலையில சீவற மெஷினுக்குக் கீழே தோல் குவியும். ஊத்துவேன், அள்ளுவேன், கட்டுவேன்...

— இருங்க இருங்க. எதை ஊத்துவீங்க?

— சுடுதண்ணி. பாய்லர் குழாயைத் திருப்பினா கொதிக்கக் கொதிக்க வரும்.

— அத்தான்!

— பின்னே? நீ வேலை பாக்குற இடத்துக்கு ஈ மொய்க்கிற மூட்டையையா தர்றது? பளிச்சுன்னு குளிப்பாட்டித்தான் அனுப்புவேன்.

— குளிப்பாட்டலை, கொன்னிருக்கீங்க! அந்தச் சூட்டுல அது எப்படிப் பிழைக்கும்? வியாழக்கிழமை ஊத்தலையா?

— பாய்லர் ரிப்பேர். அப்படியே அள்ளிட்டேன்.

— அதான்! கண்டுபிடிச்சாச்சு! மணி பத்துதான் ஆகுது. ஓடிப்போய் பச்சையா ஒரு மூட்டை அள்ளிட்டு வாங்க.

— போறேன்... கையுறை ஏதாச்சும் இருக்கா?

— தோல் அள்ளவா? எப்போலேருந்து இந்த நாசூக்கு?

— கேள்வி கேக்காம கொடேன்.

— கையைக் காட்டுங்க. காட்டுங்கன்னா! ஐயோ, என்ன அத்தான் இது? விரலெல்லாம் தோலுரிஞ்சு...

— சுத்தம், ஈ, அதெல்லாம் சும்மா சொன்னேன். பச்சைத் தோல் கையை எரிக்குது மச்சினி. சுடுதண்ணி ஊத்தினா எரியறதில்ல. அதான் ஊத்தினேன்.

— ஆலையில சொல்லலையா?

— சொன்னேன். பழத்தோல் ஆளைக் கடிக்குமான்னு சிரிச்சாங்க. வியாழக்கிழமையோட பெருவிரல் ரேகையும் போச்சு. ஆலை வாசல்ல வருகைக்கு விரல் வைக்கிற மெஷினுக்கு என்னை அடையாளமே தெரியல. தினமும் போய் முதுகு ஒடிய அள்ளிட்டுத்தான் வர்றேன். நாலு நாளா ஆளே வரலைன்னு காட்டுது. நாளைக்கு என் இடத்துக்கு வேற ஆள். உங்கக்காகிட்ட சொல்லிடாதே.

— எங்கேயும் போக வேணாம், உக்காருங்க. மூணு வாரமா நான் தேடின என்சைம் உங்க கையைத் தின்னிருக்கு. நாலு மணிக்கு இயக்குநர் வரட்டும், நான் இந்தக் கையைத்தான் காட்டப் போறேன்.