பறவையின் கண்

"அந்தப் பறவைக்குக் கண்ணு என்ன நெறம்?"

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெரியவர் மனைவியிடம் கேட்டார். அவருக்குப் பார்வை போயிருந்தது. மனைவியின் மடியில் விரிந்திருந்த பழைய பறவைப் படப்புத்தகம் அவர் இருபது வருஷமாகத் தேடியது, சீமைக்குத் திரும்பும் ஒரு துரைசானியிடமிருந்து அன்றுதான் கிடைத்தது என்று பேச்சில் தெரிந்தது.

"செவப்புங்க. உள்ள வெள்ளையா ஒரு புள்ளி வச்சிருக்காங்க."

"வெளிச்சம் விழுற எடம் அது. அச்சுல வராது. ஒவ்வொரு புஸ்தகத்துலயும் கையால வச்சிருப்பாங்க."

"உங்க புஸ்தகம் ஒண்ணக்கூட நான் பிரிச்சுப் பாத்ததில்லீங்க. எடத்த அடைக்குதுன்னு ஏசத்தான் செஞ்சேன்."

"வீட்டுல நூறு கெடக்கு. இனி நீதான் பாத்துச் சொல்லணும்."

வத்தலக்குண்டு வந்தது. எல்லோரும் எழுந்தோம். அவரும் எழப்போனார்.

"செத்த இருங்க," என்று அந்த அம்மாள் கையைப் பிடித்தார். "அடுத்த பக்கத்துல ஒண்ணு குஞ்சுக்கு இரை ஊட்டுது."