மிதவைக்கு வெளியே நின்ற கொக்கு

2023 ஓகஸ்ட் 3, வியாழன், காலை 9.10, நல்ல வெயில், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. குறிகட்டுவானிலிருந்து நகரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு கடற்றொழிலாளர்கள் இருந்தார்கள். இளையவரின் மடியில், கடலடிக் கல்லில் அடிபட்டு இதழ் உடைந்த வள்ள எஞ்சின் காத்தாடி.

“பாதை காட்டிற மிதவை பெரிய வள்ளங்களுக்குத்தானே, அண்ணை? நாங்கள் வெளியாலைதானே போறனாங்கள்.”

“தண்ணி பெருகின நேரம் போ, ஆர் வேண்டாமெண்டது? காத்தாடி அடிபடேக்கை முன்னாலை என்ன நிண்டது?”

“கொக்கு.”

“முழங்கால் தெரிய நிண்டதோ?”

“ஓம்.”

“கொக்கு நடக்கிற தண்ணியிலை எஞ்சின் ஓட்டியிருக்கிறாய். அது சிரிச்சிருக்கும். வத்தின நேரம் மிதவைக்குள்ளாலை வரவேணும்.”

“சுத்தினால் அரை லீற்றர் மண்ணெண்ணெய் கூடப் போகும். மிச்சம் பிடிக்கப் பாத்தனான்.”

“பிடிச்சிட்டாய்.”

வேலணையில், உதிரிப்பாகக் கடைக்காரரின் அழைப்பு இளையவரின் கைபேசிக்கு வந்தது. புதிய காத்தாடியின் விலையை இளையவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: “இருபத்தெட்டாயிரம்.”