ஆப்பிரிக்கா வாசனை

பசுந்தாங் போகும் டிராமில் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கொக்கோவைக் கெடுத்ததே அதைச் சோதிக்க வந்த ஆளுதாண்ணே."

பேசியவர் போட்டாதாங்கில் ஒரு குடோன் காவல்காரர். பக்கத்தில் அவர் ஊர்க்காரர், ஒரு துரை வீட்டுச் சமையல்காரர்.

"ஆப்பிரிக்காவுல ஒருத்தன் கொட்டையை வெட்டிப் பாத்தானாம். சீமையில அரைச்சவன் மோந்து பாத்தானாம். இங்க நம்ம குடோன்ல இன்ஸ்பெக்டரு கொக்கோ டின்னைத் திறந்து, விரலை விட்டு நக்கி, முதல் தரம்னு முத்திரை குத்திட்டுப் போயிட்டாரு. மூடி போடல."

"நீ போட வேண்டியதுதானே?"

"முத்திரை குத்தினதைத் தொட்டா வேலை போயிரும். பத்து நாளு திறந்தே கெடந்துச்சு. பக்கத்துல ஒம்பது ஜாடி ஙாப்பி, அதான் அழுக வச்ச மீனு விழுது. அந்த நாத்தம் பூரா டின்னுலதான் எறங்குச்சு."

சமையல்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த டின்னு எங்க துரை வீட்டுக்குத்தான்டா வந்துச்சு. காலையில கலக்கிக் குடுத்தேன்."

"ஐயோ! துரை என்ன சொன்னாரு?"

"கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கோப்பை குடிச்சாரு. இதுதான் அசல் ஆப்பிரிக்கா வாசனையாம். விருந்துக்கு இதே மாதிரி இன்னும் நாலு டின்னு வேணுமாம்."

டிராம் நிற்குமுன்பே காவல்காரர் குதித்தார்.

"எங்கடா ஓடுற?"

"ஙாப்பி ஜாடியெல்லாம் இன்னைக்கு வண்டியேத்துறாங்கண்ணே!"