செம்மறிக்கு ஆகாத செம்பு

என் பெயர் கவினா பிராஸ். வயது பதினாறு. தந்தை பெயர் சால்வத்தோரே. இருப்பது சார்தீனியாத் தீவில் ஒருலாய் ஊர், கோயில் பின்தெரு, கதவு எண் 9. பள்ளியில் படிக்கிறேன், பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே நின்று. வயது குறைவு என்பதால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கறவைச் செம்மறிகள் நூற்று நாற்பதும் பசு இரண்டும் உண்டு. பிப்ரவரியில் சீஸ் சங்கத்தார் எங்கள் ஆட்டுப்பாலில் கொழுப்பும் புரதமும் குறைகிறது என்று எழுதியதாலும், கிடா சேர்ப்பதற்குள் ஆடுகள் தேற வேண்டும் என்பதாலும் அப்பா வைட்டமின் கலந்த தாது உப்பு வாங்கினார். ஆட்டுக்கு ஒரு வாளி, பசுவுக்கு ஒரு வாளி. இரண்டும் ஒரே சாம்பல் பொடி. மேலே ஒட்டிய சீட்டுதான் வித்தியாசம்.

ஏப்ரல் முதல் தேதி காலை அந்தச் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினேன். தீனி வைக்குமுன் அப்பா கண்டுபிடித்துக் கத்துவார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கவில்லை. மத்தியானம் சொல்ல இருந்தேன். அதற்குள், முட்டாள்கள் தின வழக்கப்படி தன் முதுகில் நான் ஒட்டிய காகித மீனோடு கடைவீதி முழுக்கச் சுற்றி வந்தது அவருக்குத் தெரிந்து, விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாளி மறந்துபோயிற்று.

அதன் பிறகு ஐந்து வாரம் ஆடுகள் பசுவின் உப்பைத் தின்றன. மே எட்டாம் தேதி தொடங்கி நான்கு நாளில் பதினொன்று செத்தன. கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. ஐந்தாவதாகச் செத்தது என் பள்ளிப் பையை மேய்கிற ஆடு.

அதன் பிறகு கால்நடை டாக்டரம்மா ஈரலைச் சோதனைக்கு அனுப்பி, நேற்று முடிவோடு வந்தார். "செம்மறிக்குச் செம்பு பேர்ல இருந்தாப் போதும், சால்வத்தோரே. உள்ள போனா ஈரல்ல சேர்ந்துக்கிட்டே இருந்து ஒருநாள் சாய்ச்சிடும்" என்றார்.

அப்பா வாளியை நினைக்கவில்லை. சீட்டில் செம்மறி என்றுதானே இருந்தது. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ஜுவான்னே சோலினாஸை நினைத்தார். ஊற்றுத் தண்ணீர்த் தகராறில் இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கொடிகளுக்கு அடிக்கும் நீல மருந்தும் செம்புதான். தண்ணீர்த் தொட்டியில் அதைக் கலந்துவிட்டார் என்று அப்பா புகார் கொடுத்தார்.

இன்று காலை ஜுவான்னே மாமாவை, மருந்தடித்து நீலமான கையோடு ஜீப்பில் ஏற்றினீர்கள். ஏறுமுன் அவர், "எனக்கு உன்மேலதானடா கோபம், ஆடு என்ன பண்ணிச்சு?" என்று அப்பாவிடம் கேட்டார். எனக்கு அப்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, பசுவின் உப்பில் செம்பு உண்டா என்று கேட்டேன். நிறைய உண்டு என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. வாளிச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "சட்டைய மாத்திட்டு வா, போலாம்" என்றார்.

ஜுவான்னே மாமா எங்கள் தொட்டியைத் தொடவில்லை. சீட்டை மாற்றியது நான், நான் மட்டுமே. இப்படிச் சொல் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், அத்தனையும் நடந்ததுதான். மாமாவை வீட்டுக்கு விட்டால்தான் கையெழுத்து என்றேன். கையெழுத்து போட்டால்தான் அவரை விட முடியும் என்கிறீர்கள். போடுகிறேன்.

(ஒப்பம்) கவினா பிராஸ்
உடனிருந்த தந்தை: சால்வத்தோரே பிராஸ். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.